இங்கே கிழிக்கவும்

என் மூக்கின் பெருமையை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யாரும் சொல்ல முன்வராததால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஒரு தேயிலை கம்பெனியில் டீ ருசி பார்ப்பவன். சிரிக்காதீர்கள், அதுதான் உத்தியோகம். காலை ஒன்பது மணிக்கு நீளமான மேஜையில் இருபது வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து ‘உர்ர்ர்’ என்று உறிஞ்சுவேன். வாய்க்குள் உருட்டுவேன். மூக்கு வழியாக ஒரு மூச்சு விடுவேன். பக்கத்து வாளியில் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வேன். “இது மழையில நனைஞ்ச மூட்டை.” “இது காயறதுக்குள்ள அள்ளிட்டாங்க.” “இது வந்த லாரியில முந்தின நாள் வெங்காயம் வந்திருக்கு.” இப்படி உறிஞ்சினால் வீட்டில் திட்டு விழும். அங்கே சம்பளம் விழுகிறது.

ஆபீசில் எனக்குப் பெயரே மூக்குதான். “மூக்கு வந்தாச்சா?” “மூக்கு சாப்பிடப் போயிருக்கு.” பத்தொன்பது வருஷமாக, கம்பெனி விஷயங்களில் மூக்கை நுழைப்பதற்காகவே மாதச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் நான்.

அந்த மூக்கு ஒரு நாள் படுத்துவிட்டது. காரணம் என் மனைவி என்று சொல்லத்தான் ஆசை. நியாயமாகப் பார்த்தால், காரணம் நான் சொன்ன ஒரே ஒரு வார்த்தை.

எங்கள் எதிர்வீட்டில் பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் மனைவி, அதாவது எங்களுக்கு அண்ணி, புதன்கிழமை தோறும் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை கைவேலை வகுப்பு நடத்துகிறார். என் மனைவி அதில் சேர்ந்தாள். முதல் நாள் வகுப்பு முடிந்து வந்தவள், பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் முகத்துக்கு நேராக எதையோ நீட்டினாள். உள்ளங்கையில் அடங்கும் துணிப்பை. வாயில் ஒரு நாடா, நாடாவில் ஒரு முடிச்சு.

“என்னங்க, எப்படி இருக்கு?”

“சூப்பர்.”

“பார்க்காமலே சொல்றீங்க.”

பார்த்தேன். “சூப்பர்.”

“மோந்து பாருங்க. வாசனைப் பை. துணிக்கு நடுவுல வச்சா வாசனையா இருக்கும்.”

மோந்தேன். உலர்ந்த ரோஜா இதழ், லாவண்டர், ஆரஞ்சுத் தோல், கிராம்பு. போதாததற்கு ஏதோ ஒரு எண்ணெய், அதுவும் சொட்டுக் கணக்கில் இல்லை, கரண்டிக் கணக்கில். தும்மினேன். பதினொரு தும்மல். எண்ணியது அவள்.

“பிடிக்கலையா?”

“சூப்பர்னு சொன்னேனே! இது சந்தோஷத் தும்மல்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதைச் செய்தாலும் நான் சூப்பர் என்றுதான் சொல்லி வருகிறேன். குழம்பு சூப்பர். ஜன்னல் திரை சூப்பர். ஒரு தடவை தலைமுடியைப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். சூப்பர் என்றேன். எது மாறியது என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. ஆபீசில் நாளொன்றுக்கு நூறு குறை கண்டுபிடிக்கிறவன், வீட்டுக்கு வந்தால் வாயைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டும் என்பது என் கொள்கை. அதில் வீட்டுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி என்று நினைத்திருந்தேன்.

அந்த ‘சூப்பரை’ அவள் உத்தரவாக எடுத்துக்கொண்டாள். இரண்டே வாரத்தில் வீட்டில் பதினான்கு பைகள். சட்டை அடுக்கில் மூன்று. பனியன் அடுக்கில் இரண்டு. கைக்குட்டைகளுக்கு நடுவில், தலையணை உறைக்குள், மூக்குக் கண்ணாடிக் கூட்டில். ஷூவுக்குள் காலை விட்டால் பை. மழை பெய்த ஒரு காலையில் பஸ் நிறுத்தத்தில் குடையை விரித்தேன். தலையில் பை விழுந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்து, “வீட்டில உங்க மேல ரொம்பப் பிரியம் போல” என்றார். ஆமாம் என்று தும்மினேன்.

இதில் தினப்படி பராமரிப்பு வேறு. காலையில் அவள் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பையையும் ஒரு அமுக்கு அமுக்குவாள். அமுக்கினால்தான் வாசனை பரவுமாம். அவள் அமுக்க அமுக்க, நான் அமுங்கினேன்.

எங்கள் ருசி அறையில் பவுடர் கூடாது, வாசனை சோப்பு கூடாது, தலைக்கு எண்ணெய்கூடக் கூடாது. சுவரில் எழுதி மாட்டியிருக்கிறது. அப்படி எழுதி மாட்டச் சொன்னவனே நான்தான். அந்த அறைக்குள் நான் இப்போது ஒரு பூந்தோட்டமாக நுழைந்தேன். முதல் கோப்பையை உறிஞ்சினேன். ரோஜா. இரண்டாவது, ரோஜா. ஏழாவதில் ரோஜாவோடு ஆரஞ்சு. ஒரு வாரத்தில் முப்பத்தொரு மூட்டைகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார்.

“உட்காருங்க. எல்லா டீயிலயும் ரோஜா வாசனை வருதுன்னு எழுதியிருக்கீங்க.”

“வருது சார்.”

“குழாய்த் தண்ணியிலயும் வருதுன்னு எழுதியிருக்கீங்க.”

“அதுலயும் வருது சார்.”

“நாம டீ கம்பெனியா, பூக்கடையா?”

பதிலுக்குத் தும்மினேன்.

“பாருங்க, எனக்கு உங்க மேல மரியாதை உண்டு. ஆனா மூக்கு போச்சுன்னா போச்சுதான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு சோதனை வைக்கிறேன். அஞ்சு கோப்பை. கண்ணைக் கட்டிடுவோம். அஞ்சையும் சரியா சொன்னா இந்த நாற்காலி உங்களுக்கு. இல்லேன்னா கீழ்மாடி.”

கீழ்மாடி என்றதும் எனக்கு வியர்த்தது. எங்கள் கம்பெனி ‘ஒரு கோப்பை பாக்கெட்’ தயாரிக்கிறது. விரலளவு பாக்கெட், உள்ளே ஒரு தடவைக்கான டீத்தூள், மூலையில் ‘இங்கே கிழிக்கவும்’ என்று எழுத்து. கீழ்மாடியில் ஒரு மேஜை உண்டு. அந்த மேஜைக்காரருக்குக் காலையிலிருந்து மாலை வரை ஒரே வேலை. பாக்கெட்டை எடுத்து, இங்கே கிழிக்கவும் என்ற இடத்தில் கிழித்து, இங்கே கிழிகிறதா என்று பார்ப்பது.

உலகத்திலேயே எனக்குப் பரம விரோதி இந்த மாதிரிக் குட்டிப் பாக்கெட்தான். ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கை நனையும் வரை அதன் ஞாபகம் வருவதில்லை. நனைந்த பிறகு அது கிழிவதில்லை. பல்லால் கடித்தால் தலைக்குப் போக வேண்டியது நாக்குக்குப் போகிறது. சாஸ் பாக்கெட் இன்னும் மோசம். ‘இங்கே’ என்று போட்ட இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் கிழியும், கிழிந்ததும் நேராகச் சட்டைப் பைக்குப் போகும். அந்த ஜாதியோடு ஓய்வு பெறும் வரை உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. அழுதாலும் மூக்கால்தான் அழ வேண்டும், அதுவோ அடைத்துக் கிடந்தது.

அன்று மாலை டிரைவர் அண்ணனைப் பிடித்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து தன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வீட்டில உண்மையைச் சொல்லிடலாம்னு பார்க்கறேன்.”

பாலிஷ் டப்பா கீழே விழுந்தது. “எந்த உண்மையை?”

“வாசனைப் பை ஒத்துக்கலைன்னு.”

“முதல்ல என்ன சொன்னே?”

“சூப்பர்னு.”

“அப்ப முடிஞ்சுது. இனிமே நல்லா இல்லைன்னு சொன்னா, அன்னிக்கு ஏன் சூப்பர்னு சொன்னீங்கன்னு கேப்பாங்க. பொய்னு சொல்லுவே. அப்ப குழம்பு சூப்பர்னு சொன்னதுன்னு ஆரம்பிச்சு, கல்யாண போட்டோ வரைக்கும் போகும். ஓடற பஸ்ஸில ரிவர்ஸ் போடக் கூடாது தம்பி.”

“நீங்க எப்பவாவது உண்மை சொல்லியிருக்கீங்களா?”

“ஒரு தடவை. குல்லா பின்னிக் கொடுத்தா. காதுல கடிக்குதுன்னு சொன்னேன்.”

“என்ன ஆச்சு?”

“அதைப் பிரிச்சு அந்த நூல்ல எனக்கு பனியன் பின்னினா.”

அவர் சட்டைக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டார்.

அன்றுதான் திட்டம் பிறந்தது. பைகள் இருக்க வேண்டும். காலையில் அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். உள்ளே வாசனை மட்டும் இருக்கக் கூடாது. உள்ளிருப்பதை எடுத்துவிட்டு வேறு எதையாவது அடைக்க வேண்டும். எதை? எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு பெரிய அட்டைப்பெட்டி கிடக்கிறது. அச்சு கோணலாக விழுந்த ‘ஒரு கோப்பை பாக்கெட்’களைக் கம்பெனி எங்களுக்கே இனாமாகக் கொடுத்துவிடும். அதை நாங்கள் தொடுவதில்லை. கடைசி ரகத் தூளைக் குடிப்பது என் அந்தஸ்துக்குக் குறைவு. அந்தத் தூளைப் பைகளில் நிரப்பிவிட்டால்? மெத்தென்றும் இருக்கும், சரசரவென்றும் இருக்கும். டீ வாசனை என் மூக்குக்குச் சொந்தக்காரன், தொந்தரவு செய்ய மாட்டான். அலமாரியைத் திறந்ததும் சந்தேகம் வராமல் இருக்க, ஒரே ஒரு நிஜப் பையை மட்டும் முன்வரிசையில் காவலுக்கு விட்டுவிடலாம்.

இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு நான் ஏன் மேலாளர் ஆகவில்லை என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டேன். அவள் நாலு மணிக்கு எதிர்வீட்டுக்குப் போனாள். கதவு சாத்தியதும் நான் பரண்மேல் ஏறினேன். பதின்மூன்று பைகளையும் சேகரித்து, தையலைப் பிரித்து, உள்ளிருந்ததை ஒரு பிளாஸ்டிக் கவரில் கொட்டி இறுக்கிக் கட்டினேன். மூக்கில் துணி உலர்த்தும் கிளிப்பை மாட்டியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் எனக்கு என்ன ஒளிவு மறைவு?

இதுவரை திட்டம் வெண்ணெய் மாதிரி போனது. பிறகு பாக்கெட்களைத் திறக்க வேண்டியிருந்தது.

ஒரு பைக்கு ஆறு பாக்கெட். மொத்தம் எழுபத்தெட்டு. வீட்டில் இரண்டு கத்தரிக்கோல்கள். ஒன்று மொக்கை. இன்னொன்று அவளுடைய துணிக் கத்தரிக்கோல். அதால் காகிதம் வெட்டினால் கூர் போய்விடும், கூர் போனால் எப்படியும் அவளுக்குத் தெரியும், தெரிந்தால் என் மூக்கு வேறு விதமாகப் போகும். ஆகவே பல். இங்கே கிழிக்கவும் என்ற இடத்தில் இழுத்தேன். நடுவில் பிளந்து கூரைக்குத் தூவியது. அடுத்தது அடியில் பிளந்து மடியில் கொட்டியது. இருபதாவது பாக்கெட்டில் கடைவாய்ப் பல் வலித்தது. நாற்பதாவதில் நான் அந்தக் கீழ்மாடி மேஜைக்காரரை மனதாரக் கும்பிட்டேன். கடித்த மூலைகளை எங்கே துப்பினேன் என்பதெல்லாம் அப்போது என் கவனத்தில் இல்லை.

தைக்கவும் செய்தேன். என் தையலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பிரியாது, அவ்வளவுதான்.

ஐந்தே முக்காலுக்கு வீடு பழையபடி ஆயிற்று. அந்தப் பிளாஸ்டிக் கவரை அண்ணனிடம் கொடுத்து, எங்கேயாவது போட்டுவிடச் சொன்னேன். அவர் வாசனையாக இருக்கிறதே என்று தன் பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். மூன்று நாள் அந்தத் தடத்தில் தும்மலோடுதான் ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள் என்று கேள்வி.

மறுநாள் காலை அவள் அலமாரியைத் திறந்து அமுக்க ஆரம்பித்தாள். நான் கதவுக்குப் பின்னால் மூச்சுப் பிடித்து நின்றேன். ஒரு பை. இரண்டாவது பை. மூன்றாவதில் கை நின்றது. எடுத்து மோந்தாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“என்னங்க, இதுல வாசனை எப்படி இருக்கு?”

“சூப்பர்.”

“ரோஜா தெரியுதா?”

“அப்படியே தோட்டத்தில நிக்கற மாதிரி இருக்கு.”

“கொஞ்சம் தூக்கலா இல்லை?”

“அந்தத் தூக்கல்தான் இதுல அழகே.”

“அப்படியா” என்றாள். பையை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அலமாரிக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. பெருமையில் கண் கலங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து எனக்குக்கூட ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்தடுத்த நாட்களில் என் மூக்கு எழுந்து உட்கார்ந்தது. சனிக்கிழமை ரோஜா போயிற்று. திங்கட்கிழமை ஆரஞ்சு போயிற்று. புதன்கிழமை ருசி அறையில் பதினெட்டாம் கோப்பையை உறிஞ்சி, “இதைப் பறிச்ச அன்னிக்குக் காலையில பனி” என்றேன். மேலாளர் தலையாட்டினார். வீட்டில் அவள் தினமும் வாசனையைப் பற்றிக் கேட்டாள். நான் தினமும் சூப்பர் என்றேன்.

சோதனை நாள் வந்தது. கிளம்பும்போது அவள் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்தாள். பிளாஸ்டிக் கவருக்குள் காகிதம், காகிதத்தைச் சுற்றி டேப்.

“இதை உங்க மேலாளர் கையில கொடுத்துடுங்க.”

“என்ன இது?”

“அவர் கேட்டிருந்தார். நீங்க பிரிக்காதீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. அவர் வீட்டுக்கும் வாசனைப் பையா! சோதனை நாளில் இதை மோந்தால் தொலைந்தேன். பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பொட்டலத்தை ஒரு முழம் தள்ளியே பிடித்துக்கொண்டு போனேன். ஆபீசில் மேலாளரின் மேஜையில் அதை வைத்துவிட்டு ஓடிவந்து கையை இரண்டு தடவை கழுவினேன்.

பதினொரு மணிக்கு என் கண்ணைக் கட்டினார்கள். சுற்றிலும் நாற்காலிகள் இழுக்கும் சத்தம். கீழ்மாடி மேஜைக்காரர்கூட வந்திருந்தார், அவருக்கும் அவருடைய கவலை.

முதல் கோப்பை. உர்ர்ர். “மேட்டு நிலத்து இலை, முதல் பறிப்பு.” கை தட்டினார்கள். இரண்டாவது. “நம்ம மூணாம் கிடங்கு, ஜன்னல் ஓரத்து மூட்டை, வெயில் பட்டிருக்கு.” மூன்றாவது, நான்காவது. ஒரு தடுமாற்றம் இல்லை. என் மூக்கு அன்று என்னைவிட நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

“அஞ்சாவது மட்டும் கொஞ்சம் வேற மாதிரி” என்றார் மேலாளர். “நம்ம கிடங்கில இருக்கற எல்லா டீயும் உங்களுக்கு மனப்பாடம். அதனால இதை வெளியிலிருந்து வரவழைச்சேன். அனுப்பினவங்க போன்ல இருக்காங்க. நீங்க சொல்றது சரியான்னு அவங்கதான் சொல்லணும்.”

உறிஞ்சினேன். உருட்டினேன். மூச்சு விட்டேன். சிரிப்பு வந்தது.

“வெளியிலிருந்தா? இது நம்ம சரக்கு சார். கடைசி ரகம். ஒரு கோப்பை பாக்கெட்ல போறது.”

சுற்றிலும் “ஓ” என்று ஒரு சத்தம். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். புகழ்ச்சி ஏறிய மூக்கு நிற்குமா?

“ஆனா இதைப் பாக்கெட்லயே வச்சிருக்கலை. எவனோ பிரிச்சுக் கொட்டி, துணியில கட்டி வச்சிருக்கான். ஒன்பது நாள் இருக்கும். அந்தத் துணியில அதுக்கு முன்னாடி ரோஜாவும் கிராம்பும் இருந்திருக்கு. துவைக்காமலே நிரப்பியிருக்கான், சோம்பேறி. வச்ச இடம் மர அலமாரி. பக்கத்துல தோய்ச்சு இஸ்திரி போட்ட பருத்தித் துணி.” இன்னொரு கரண்டி உறிஞ்சினேன். “பனியன்.”

“பிரமாதம்!” என்றார் மேலாளர். “இப்படி எல்லாம் டீயை யார் வைப்பாங்க?”

“யாராவது அடிமுட்டாள்தான் சார்.”

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அதிலிருந்து எனக்குப் பழக்கமான ஒரு குரல் வந்தது.

“எல்லாமே சரிங்க. கடைசியா சொன்னதும் சேர்த்து.”

கண் கட்டை அவிழ்க்க வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

நாற்காலி பிழைத்தது. மூக்குதான் உடைந்தது. அந்த உடைந்த மூக்கோடு மாலையில் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் பதின்மூன்று பைகளும் பிரித்துக் கிடந்தன. அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

“எப்பத் தெரியும்?” என்றேன்.

“மறுநாளே. மூணாவது பையை அமுக்கினா கையில குத்துச்சு. நீங்க ஆபீஸ் போனதும் பிரிச்சுப் பார்த்தேன். உள்ளே ஒரு மூலை இருந்துச்சு. ‘இங்கே கிழிக்கவும்’னு போட்டிருந்துச்சு. சரி, இவ்வளவு மரியாதையா கேக்கறாங்களேன்னு எல்லாத்தையும் கிழிச்சுப் பார்த்துட்டுத் திரும்பத் தைச்சு வச்சேன்.”

“அப்பவே கேட்டிருக்கலாமே.”

“கேட்டேனே! தினமும் கேட்டேன். டீத்தூளை மோந்துட்டுத் தோட்டத்தில நிக்கறேன்னீங்க. எத்தனை நாள் நிப்பீங்கன்னு பார்த்தேன். இதுக்கு நடுவுலதான் உங்க மேலாளர் போன் பண்ணி, வீட்டிலிருந்து ஏதாவது டீ அனுப்ப முடியுமான்னு கேட்டார். இருக்கு, அலமாரியில இருக்குன்னேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள். “அந்த வாசனை எனக்கே ஒத்துக்கலை. முதல் நாள்லேர்ந்து தலைவலி. உங்களுக்குப் பிடிக்குதேன்னு பொறுத்துக்கிட்டேன்.”

“அடக் கடவுளே! பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாமே?”

“யாரு, நானா?”

நான் மேஜையிலிருந்து ஒரு பையை எடுத்து அதன் நாடாவைத் திருகினேன்.

“இன்னிக்கு அந்த அஞ்சாவது கோப்பையை எவ்வளவு அழகா திட்டினீங்க தெரியுமா? துணி என்ன, மரம் என்ன, எத்தனை நாள் என்ன! கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு. ஊர் பேர் தெரியாத இலைக்கெல்லாம் நாலு வார்த்தை சொல்றீங்க. என் கையால செஞ்ச எதுக்கும் ஒரே வார்த்தைதான். நான் செய்யறதுல எது நல்லா வருது, எது வரலைன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாதுங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. உலகத்து மூட்டைகளுக்கெல்லாம் நேர்மையாக இருந்தவன், இவளிடம் மட்டும் சோம்பேறியாக இருந்திருக்கிறேன். அதற்கு நிம்மதி என்று பெயர் வேறு வைத்திருந்தேன்.

“இனிமே உண்மைதான் சொல்வேன்” என்றேன். “சத்தியமா.”

அவள் எழுந்து போய் டீ போட்டு எடுத்து வந்தாள். எதிரில் வைத்தாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வீட்டில் முதல் தடவையாக ‘உர்ர்ர்’ என்று உறிஞ்சினேன்.

“சொல்லுங்க.”

“கோபப்படக் கூடாது.”

“மாட்டேன். சொல்லுங்க.”

“இலையைப் போட்டப்புறம் ரொம்ப நேரம் கொதிச்சிருக்கு. பால் அவசரப்பட்டு உள்ள வந்திருக்கு. காலையில இந்தப் பாத்திரத்தில முட்டை வெந்திருக்கு.”

அவள் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது. “அப்புறம்?”

“கிளறின கரண்டி, ஊறுகாய்க் கரண்டி.”

“அடேயப்பா! அப்ப இத்தனை வருஷமா இப்படித்தான் இருந்துச்சா?”

“இன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்லை.”

“எப்படிப் போட்டா சரியா வரும்?”

பத்தொன்பது வருஷத்தில் என்னை யாரும் இப்படி ஆசையாகக் கேட்டதில்லை. எழுந்தேன். சட்டைக் கையை மடித்தேன். சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தேன், தண்ணீரை அளந்தேன், எந்தக் கொதியில் இலையை விட வேண்டும் என்று விளக்கினேன். அவள் கதவோரம் நின்று கவனமாகக் கேட்டாள். கடிகாரத்தைப் பார்த்து இறக்கினேன். பால் தனியாக, பதமாக. சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் போல ஒரு டீயை எங்கள் கம்பெனி முதலாளிகூடக் குடித்திருக்க மாட்டார்.

“இவ்வளவு விஷயம் இருக்கா!” என்றாள். “இது எனக்கு வராதுங்க. இந்தப் பக்குவம் உங்க கைக்குத்தான் வரும்.”

எனக்குத் தலை கூரையில் இடித்தது. மறுநாள் காலை நானே போட்டேன். அதற்கு மறுநாளும். இதோ, இன்றோடு இரண்டு மாதம், காலை ஆறு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று. இன்று காலை மேட்டு நிலத்து முதல் பறிப்பைச் சொல்லி வாங்கி வந்து, மூன்று நிமிஷம் பத்து வினாடி ஊறவைத்து, கோப்பையை வெந்நீரில் சூடாக்கி எடுத்துக்கொண்டு போனேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து என் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வந்து கோப்பையை வாங்கிக்கொண்டது.

“எப்படி இருக்கு?” என்றேன்.

பேப்பரைத் தாழ்த்தாமலே சொன்னாள்:

“சூப்பர்.”